எடுத்த கணக்கும் வைத்த கணக்கும்

மைசூரு நகரில் 1891-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கீழ்த்திசைச் சுவடி நூலகம் ஒன்று உண்டு. இன்று அது மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை அந்நூலகத்திற்கு அளித்தார். நூலகப் பொறுப்பில் இருந்த ஆர். சாமாசாஸ்திரி அதனை ஆராய்ந்து, நெடுங்காலமாகப் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடிலீயரின் அர்த்தசாஸ்திரம் அதுவே என 1905-ல் உலகிற்கு அறிவித்தார். மூலநூல் 1909-லும், அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-லும் வெளியாயின.

அரசியல் நூல் என்று பெயர் பெற்ற அந்நூலில் கணக்குப் பதிவேடுகளைப் பற்றியும் விரிவான பகுதிகள் உள்ளன. அதன் இரண்டாம் பிரிவின் எட்டாம் அத்தியாயத்தில், அரசாங்கப் பொருள் மறைந்து போகும் வழிகள் நாற்பது என எண்ணி, அவை ஒவ்வொன்றாகக் கூறப்பட்டுள்ளன. முன்பு வந்ததைப் பின்பு எழுதுதல், வந்ததை வரவில்லை என எழுதுதல், வராததை வந்ததாக எழுதுதல், சிறிது கொடுத்துப் பெரிதாக எழுதுதல், ஒருவர் பெற்றதை மற்றொருவர் பெயரில் எழுதுதல் என அப்பட்டியல் நீள்கிறது. ஐயம் எழுந்தால், பொருளை வைத்திருந்தவர், பதிந்தவர், பெற்றவர், கொடுத்தவர் ஆகிய ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது.

கணக்கு தவறும் வழிகளை வகைப்படுத்தி எழுதி வைப்பதே தவறைத் தடுக்கும் முதற்படி என்னும் இக்கருத்து, இன்று முற்றிலும் வேறான ஒரு துறையில் பயன்பட்டு வருகிறது. கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் தமக்குள்ளே இடையறாது ஒரு கணக்கை வைத்து வருகின்றன. அக்கணக்கு தவறும் இடங்களைத் தேடிப் பட்டியலிடும் பணியில் பல நாட்டு வல்லுநர்கள் ஈடுபட்டுள்ளனர். அர்த்தசாஸ்திரம் கூறுவன வேண்டுமென்றே செய்யும் மோசடிகள். கணிப்பொறி நிரல்களில் நேருவன பெரும்பாலும் கவனக்குறைவால் வரும் பிழைகள். எனினும் இரண்டையும் கண்டுபிடிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

கணக்கு வைப்பது எதற்காக?

உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இரசாயன ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் எந்நேரமும் யாராவது வருவதும் போவதுமாக இருக்கின்றனர். விளக்கையும் வாயுக் குழாயையும் மூடிக் கதவைப் பூட்டும் பொறுப்பு யாருடையது? தனியே ஒரு காவலரை நியமிக்காமலே இதற்கு எளிய வழி உண்டு. கதவருகே ஒரு கரும்பலகை வைத்து, உள்ளே நுழைபவர் அதிலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். வெளியேறுபவர் ஒன்றைக் கழிக்க வேண்டும் என விதி செய்தால் போதும். கழித்தபின் எண் பூச்சியமானால், அவரே கடைசி ஆள். அவர் கூடத்தைப் பூட்டிச் செல்ல வேண்டும்.

கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ள பொருள்களுக்கும் இம்முறையே கையாளப்படுகிறது. ஒரே தகவல் தொகுதியை நிரலின் பல பகுதிகள் ஒரே சமயத்தில் உபயோகிக்கும். எல்லாரும் உபயோகித்து முடித்த பின்னரே அதற்குரிய இடத்தைக் காலி செய்து வேறு வேலைக்குத் தர இயலும். ஆகவே ஒவ்வொரு தொகுதியோடும் அதனைத் தற்போது எத்தனை பேர் பற்றியிருக்கின்றனர் என்னும் எண் ஒன்று சேர்த்து வைக்கப்படுகிறது. இதற்குப் பற்று எண்ணிக்கை எனப் பெயரிடலாம். இம்முறையை 1960-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் காலின்ஸ் ஒரு கட்டுரையில் விளக்கினார். எண்ணைக் கூட்டும் கட்டளையை நிரலாளர்கள் ‘கெட்’, அதாவது எடுத்தல் என்றும், கழிக்கும் கட்டளையை ‘புட்’, அதாவது திரும்ப வைத்தல் என்றும் குறிப்பிடுவர்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயக்க முறைமையில் இக்கணக்கு எங்கும் பரவியுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்திற்கும் அடித்தளம் லினக்ஸின் கெர்னல் எனப்படும் உட்கருவே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயக்க முறைமையும், கேரளப் பள்ளிகளில் வழங்கும் இயக்க முறைமையும் அதன்மீதே அமைந்தவை. எனவே இப்பொருள் ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் தொலைவான ஒன்றன்று. அவர்கள் கையிலுள்ள கருவிக்குள்ளேயே நிகழ்வது.

உட்கருவிற்கும், கேமரா, தொடுதிரை, வைஃபை முதலிய சாதனங்களுக்கும் இடையே நின்று ஏவலைக் கொண்டு செல்லும் நிரற்பகுதிக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸின் மூலநிரல் மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்களே. உலகெங்கும் உள்ள சாதன உற்பத்தியாளர்களும் தனி ஆர்வலர்களும் அவற்றை எழுதுகின்றனர். அவை பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டவை. எடுத்ததைத் தானே திரும்ப வைக்கும் ஏற்பாடு சி மொழியில் இல்லை. எழுதுபவரே நினைவு வைத்துக்கொண்டு ஒவ்வோர் எடுத்தலுக்கும் ஒரு வைத்தலை எழுத வேண்டும்.

இதற்கென மூன்று விதிகள் லினக்ஸின் ஆவணங்களில் எழுதப்பட்டுள்ளன. கிரெக் குரோ-ஹார்ட்மன் 2004-ல் விளக்கிய கேரெஃப் என்னும் பொது அமைப்பை ஒட்டி அவை அமைந்தன. ஒரு தொகுதியை மற்றொருவர் வசம் ஒப்படைக்கும் முன் எண்ணைக் கூட்டுக. உபயோகித்து முடிந்ததும் கழிக்க. முன்னரே பற்று இல்லாதவர் புதிதாகப் பற்ற வரும்போது, அதே கணத்தில் வேறொருவர் கடைசிப் பற்றை விட்டுவிடாதபடி பூட்டி வைக்க. விதிகள் மூன்றே, அவற்றைத் தவறும் வழிகளோ பல.

பிழையின் இரு முகங்கள்

எண்ணிக்கை தவறும்போது விளைவு இரு வகைப்படும். முதலாவது, எடுத்தவர் வைக்க மறந்துவிடுதல். ஆய்வுக்கூடத்தில் ஒருவருமில்லை, ஆயினும் பலகை ‘ஒன்று’ எனக் காட்டுகிறது. கூடம் என்றும் பூட்டப்படுவதில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கணிப்பொறியில் இது நினைவகக் கசிவாகிறது. ஒருமுறை நேர்ந்தால் சில நூறு பைட்டுகளே வீணாகும். அதே பாதை ஆயிரம் முறை, இலட்சம் முறை ஓடினால், நாட்கணக்கில் நிறுத்தாமல் இயங்கும் யந்திரம் படிப்படியாகத் திணறிப்போகும்.

இரண்டாவது, எடுக்காததையும் திரும்ப வைத்துவிடுதல். உள்ளே மாணவர்கள் பரிசோதனை செய்துகொண்டிருக்கும்போதே பலகை பூச்சியத்தைக் காட்டிவிடுகிறது. கழித்தவர் கூடத்தைப் பூட்டிச் செல்கிறார்; அடுத்த வகுப்பாரிடம் அறை ஒப்படைக்கப்படுகிறது. கணிப்பொறியில் இதன் பொருள், ஒருவர் உபயோகித்துக்கொண்டிருக்கும் இடம் மற்றொருவருக்கும் தரப்பட்டுவிட்டது என்பதே. யந்திரம் நின்றுபோகலாம், தகவல்கள் கெடலாம். தீய எண்ணம் கொண்ட ஒருவர் காலியான இடத்தில் தமக்கு வேண்டிய தகவலைத் திட்டமிட்டு நிரப்பி, யந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றவும் கூடும். ஆகவே இரண்டினுள் இதுவே கொடியது.

பிழை ஒளியும் இடம்

இத்துணை எளிய கணக்கில் தேர்ந்த நிரலாளர்கள் தவறுவது ஏன்? விடை, காரியம் தோல்வியுறும் வழிகளில் உள்ளது. தொடுதிரை டிரைவர் ஒன்று தொடக்கத்தில் நான்கு காரியங்களைச் செய்வதாகக் கொள்ளலாம். திரையைப் பற்றிய விவரக் குறிப்பைப் பற்றுகிறது, கடிகாரத் துடிப்பைப் பெறுகிறது, மின்சாரத்தை இயக்குகிறது, பின்னர்த் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. நான்கும் வெற்றி பெற்றால் கணக்கில் சிக்கல் இல்லை. மூன்றாம் காரியம் தவறினால், ஏற்கெனவே பெற்ற இரண்டையும் தலைகீழ் வரிசையில் திரும்ப வைத்த பின்னரே வெளியேற வேண்டும். அவசரத்தில் எழுதியவர் அவ்விடத்தில் ‘திரும்புக’ என்னும் ஒரே கட்டளையை எழுதி விடுகிறார். இரு பற்றுகள் நிலுவையாகின்றன.

எழுதியவரின் மேசையில் அச்சாதனம் எப்போதும் நன்றாகவே இயங்கும். மூன்றாம் காரியம் அங்கே ஒருபோதும் தவறுவதில்லை. ஆகவே பிழை கண்ணிற்படுவதில்லை. பிற யந்திரங்களிலோ, மின்சாரம் தரும் மற்றொரு டிரைவர் இன்னும் ஆயத்தமாகாத காரணத்தால், ‘சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்க’ என்னும் விடை வருவதுண்டு. அப்போது டிரைவர் மீண்டும் மீண்டும் தொடங்கப்படும். ஒவ்வொரு முயற்சியிலும் நிலுவை கூடும்.

பிழைகளின் பட்டியல்

டிரைவர்களில் இதுவரை திருத்தப்பட்ட பிழைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவை சில வகைகளுக்குள் அடங்குவது தெரியவருகிறது. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. தோல்வியிலும் கூடும் எண். ஒரு சாதனத்தை உறக்கத்திலிருந்து எழுப்பும் பி.எம். ரன்டைம் கெட் சிங்க் என்னும் கட்டளை, சாதனம் எழாவிட்டாலும் எண்ணை மட்டும் கூட்டி வைத்துவிடும். காரியம் நடக்கவில்லையே, கணக்கும் ஏறியிராது என எண்ணி நிரலாளர் வாளாவிருந்து விடுகிறார். களப்பணியாளர்கள் இதனை எளிதில் உணர்வர். கருவி வழங்கியதாக ஸ்டாக் ரிஜிஸ்தரில் பற்று எழுதியாயிற்று. வண்டி பழுதானதால் கருவி கிடங்கை விட்டு நகரவே இல்லை. ஆயினும் பற்று அடிக்கப்படாமல் நிற்கிறது. கைப்பேசியில் இதன் விளைவு, எண் பூச்சியத்திற்கு இறங்காமையால் அச்சாதனத்தின் மின்சாரக் கட்டுப்பாடு செயலற்றுப் போவதாகும். வேலையற்றிருக்கும் சாதனம் உறங்கச் செல்வதில்லை. பேட்டரி வீணே கரைகிறது.

2. சுழற்சியின் நடுவே வெளியேறுதல். சாதன விவரக் குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் செல்லும் சுழற்சிக் கட்டளை, அடுத்ததை எடுக்கும்போது முந்தையதைத் தானே திரும்ப வைக்கிறது. இறுதிவரை சென்றால் கணக்கு சரியாகிவிடும். தேடியது கிடைத்ததென்றோ, பிழை நேர்ந்ததென்றோ நடுவில் வெளியேறினால், கையிலுள்ள கடைசிக் குறிப்பை யாரும் திரும்ப வைப்பதில்லை.

3. பெயரில் தெரியாத எடுத்தல். ‘தேடுக’ எனத் தொடங்கும் சில கட்டளைகள், கண்டுபிடித்த குறிப்பைத் தரும்போதே அதன் எண்ணைக் கூட்டியும் தருகின்றன. பெயரில் எடுத்தலைக் குறிக்கும் சொல் இல்லாமையால், திரும்ப வைக்கும் கடமை தமக்கு உண்டென்பதே பலருக்குத் தெரிவதில்லை. இவற்றுட் சில, தேடலின் தொடக்கப் புள்ளியாகத் தரப்பட்ட குறிப்பைத் தாமே திரும்ப வைத்தும் விடுகின்றன. அதனை அறியாதவர் மீண்டும் ஒருமுறை திரும்ப வைத்தால், கசிவுக்கு நேர்மாறான பிழை உண்டாகிறது.

4. பதிவு தவறிய பொருளை நேரே அழித்தல். சாதனத்தைப் பதிவு செய்யும் கட்டளை தோல்வியுற்றாலும், அதற்குள் எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது. அதன்பின் நினைவகத்தை நேராக விடுவிக்கலாகாது. எண்ணைக் கழிக்கும் வழியாகவே விடுவிக்க வேண்டும். இந்த எச்சரிக்கை கட்டளையின் தலைக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தும், இப்பிழை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

5. வைத்த பின் தொடுதல். தன் பற்றைத் திரும்ப வைத்த அடுத்த வரியிலேயே அப்பொருளின் பெயரையோ எண்ணையோ படித்தல். பற்றை விட்டவர் கடைசி ஆளாக இருந்திருப்பின் அப்பொருள் ஏற்கெனவே இல்லை.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் பற்றி ஓர் உண்மையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான யந்திரங்களில் சாதன விவரக் குறிப்புகள் அணைக்கும் வரையில் அழிக்கப்படுவதே இல்லை. ஆகவே அவற்றின் எண்ணிக்கை தவறினாலும் உடனடியாகத் தீங்கு தோன்றுவதில்லை. இயங்கும்போதே சாதனங்களைச் சேர்க்கவும் நீக்கவும் வல்ல யந்திரங்களில்தான் பிழை வெளிப்படும். தீங்கில்லாத இடத்தில் வேரூன்றிய பழக்கம், அந்நிரலைப் பார்த்து எழுதுபவர்களால் தீங்குள்ள இடத்திற்கும் எடுத்துச் செல்லப்படுகிறது.

பூச்சியத்திற்குத் திரும்பிய எண்

வைக்க மறப்பது நினைவகத்தை வீணாக்குவதோடு நின்றுவிடும் என்று எண்ணியிருந்தவர்களை 2016 சனவரியில் வெளியான ஒரு செய்தி திடுக்கிட வைத்தது. அப்பிழை டிரைவரில் இருந்ததன்று. இரகசியச் சாவிகளைக் காக்கும் உட்கருப் பகுதியில் இருந்தது. ஆயினும் இனம் ஒன்றே. பெர்செப்ஷன் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் அதனைக் கண்டறிந்தனர். சி.வி.இ. 2016-0728 என்பது அதற்கு அளிக்கப்பட்ட பதிவெண்.

ஒரு செயல், தான் ஏற்கெனவே வைத்திருக்கும் சாவிக்கொத்தையே மீண்டும் கேட்டால், எண் ஒன்று கூடும். அவ்வொரு பாதையில் மட்டும் கழிக்கும் கட்டளை விடுபட்டிருந்தது. எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட்டுகள். ஆகவே 429,49,67,296 முறை கூட்டினால், காரின் தூரங்காட்டி முழுச் சுற்றுச் சுற்றுவது போல எண் மீண்டும் பூச்சியத்தை அடையும். சாவிக்கொத்தை யாரும் பற்றியிருக்கவில்லை என்று உட்கரு முடிவு செய்து அதனை அழித்துவிடும்; உண்மையில் அது உபயோகத்தில் இருக்கும். சாதாரணக் கணிப்பொறியில் இத்தனை முறை கூட்டுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரமே பிடித்ததாக அவர்கள் தெரிவித்தனர். அதன்பின் சாதாரணப் பயனாளி ஒருவர் யந்திரத்தின் முழு அதிகாரத்தையும் பெற இயலும். 2013-ல் வெளியான 3.8-ஆம் பதிப்பு முதல் அப்பிழை யார் கண்ணிலும் படாமல் இருந்து வந்தது. முதல் வகைப் பிழை இரண்டாம் வகையாக மாறக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

பதிவு செய்யும் முறை

லினக்ஸில் ஒரு பிழையைத் திருத்தியவர் திருத்தத்தை மட்டும் அனுப்பினால் ஏற்கப்படுவதில்லை. எந்தக் கட்டளை எண்ணைக் கூட்டுகிறது, எந்தப் பாதையில் கழித்தல் விடுபட்டது, அதனால் விளைவது யாது என்னும் விளக்கத்தைச் சேர்த்து எழுத வேண்டும். அப்பிழை முதன்முதலில் எந்த மாற்றத்தால் நுழைந்தது என்பதை, அம்மாற்றத்தின் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடு ‘திருத்துவது’ என்னும் வரியில் குறிப்பிட வேண்டும். கண்டறிந்தவர், சரிபார்த்தவர் பெயர்களும் இடம்பெறும். 2005 முதல் கிட் என்னும் பதிவு முறையில் எல்லா மாற்றங்களும் சேமிக்கப்பட்டு வருவதால், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வரியை எழுதிய சூழ்நிலையையும் இன்று எடுத்துப் பார்க்கலாம்.

அந்த ஒரு வரியின் பயன் பெரிது. பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அதனைக் கொண்டே, பிழை தங்கள் பதிப்பிலும் உள்ளதா, திருத்தத்தைச் சேர்க்க வேண்டுமா என முடிவு செய்கின்றனர். 2024 பிப்ரவரி முதல் லினக்ஸ் உட்கருக் குழுவினரே பாதுகாப்புப் பிழைகளுக்குப் பதிவெண் வழங்கும் உரிமை பெற்றுள்ளனர்.

இவ்வாறு சேர்ந்த குறிப்புகள் ஆராய்ச்சிக்கும் மூலப்பொருளாயின. 2023-ல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் நடைபெற்ற இயக்க முறைமைகள் பற்றிய மாநாட்டில், சீன ஆராய்ச்சியாளர்கள் 1,033 பற்று எண்ணிக்கைப் பிழைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை அளித்தனர். மேற்கூறிய ‘தேடுக’ வகைக் கட்டளைகளைக் கவனமின்றி உபயோகிப்பது மட்டுமே நூற்றுக்கணக்கான பிழைகளுக்குக் காரணமாயிற்று என அவர்கள் கண்டனர். பின்னர் அப்பிழைகளைச் சில மாதிரிகளாகச் சுருக்கி, அன்றைய புதிய பதிப்புகளில் தேடியபோது மேலும் 351 பிழைகள் அகப்பட்டன. அவற்றுள் 240 உண்மையென உறுதி செய்யப்பட்டன. பழைய பிழைகளின் ஏடு புதிய பிழைகளைக் காட்டும் விளக்காயிற்று.

மாதிரிகளைத் தேடுவதற்கு யந்திர உதவியும் உண்டு. ஜூலியா லாலும் அவரது சகாக்களும் உருவாக்கி, பிரான்ஸில் வளர்ந்த காக்சினெல் என்னும் கருவி அவற்றுள் புகழ்பெற்றது. பிரெஞ்சு மொழியில் இப்பெயர் பயிர்ப்பூச்சிகளைத் தின்னும் புள்ளி வண்டைக் குறிக்கும். ‘இவ்வாறு எடுத்து, இவ்வாறு திரும்ப வைக்காமல் வெளியேறும் இடங்களைக் காட்டு’ என அதற்கு விதி எழுதித் தந்தால், கோடிக்கணக்கான வரிகளிலும் அத்தகைய இடங்களைத் தேடித் தரும். அத்தகைய விதிகள் சில லினக்ஸின் மூலநிரலோடு சேர்த்தே வழங்கப்படுகின்றன.

திருத்தமும் பிழையாகலாம்

யந்திரம் காட்டிய இடமெல்லாம் பிழையன்று. ஒரு டிரைவர் எடுத்த பற்றை வேறொரு பகுதி பின்னர்த் திரும்ப வைக்குமாறு ஏற்பாடு இருக்கலாம். அதனை ஆராயாமல், ‘இங்கே வைத்தல் காணவில்லை’ என்று ஒரு வரியைச் சேர்ப்பவர், கசிவைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு அதனினும் கொடிய பிழையை உண்டாக்கி விடுகிறார். அவ்வாறு சேர்க்கப்பட்ட திருத்தங்கள் பின்னர் நீக்கப்பட்டதும் உண்டு. இதனாலேயே அனுபவமுள்ள பராமரிப்பாளர்கள், திருத்தம் அனுப்புபவரிடம் அதனைச் சாதனத்தில் ஓட்டிப் பார்த்தாரா, அல்லது நிரலைப் படித்து மட்டும் கண்டாரா என வினவுகின்றனர். கொடுத்தவரையும் பெற்றவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்னும் பழைய விதி இங்கும் பொருந்துகிறது. அழைக்கும் பகுதியையும் அழைக்கப்படும் பகுதியையும் தனித்தனியே படித்த பின்னரே கணக்கு யார் பக்கம் தவறியது எனக் கூற இயலும்.

பேரேட்டையே திருத்துதல்

ஒரே வகைப் பிழை நூறு பேரிடம் காணப்பட்டால், நூறு பேரையும் கவனமற்றவர்கள் என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. பேரேட்டின் அமைப்பையே மாற்ற வேண்டும். பட்டியல் தயாரானதன் பெரும்பயன் இதுவே.

2017-ல் வெளியான 4.11-ஆம் பதிப்பில் ரெஃப்கவுண்ட்-டி என்னும் தனிவகை எண் புகுத்தப்பட்டது. பீட்டர் ஸில்ஸ்ட்ரா அதனை அமைத்தார். எலேனா ரெஷெட்டோவா, கீஸ் குக் முதலியோர் பழைய எண்களை அதற்கு மாற்றும் பணியில் ஈடுபட்டனர். இவ்வெண் எல்லையை எட்டினால் பூச்சியத்திற்குச் சுற்றிவராமல் அங்கேயே உறைந்து நிற்கும். அப்பொருள் என்றும் அழிக்கப்படாது. சிறிது நினைவகம் வீணாகும். ஆயினும் அதிகாரம் பறிபோகாது. பூச்சியமாகிவிட்ட எண்ணை மீண்டும் கூட்ட முயன்றாலும், பூச்சியத்திற்குக் கீழே கழிக்க முயன்றாலும் எச்சரிக்கை பதிவாகும். ஊழியர் எழுதும் தவறான பதிவைப் பேரேடே சுட்டிக் காட்டுவதற்கு இது ஒப்பாகும்.

முதல் வகைப் பிழைக்கு மாற்றாக, 2020 இறுதியில் வெளியான 5.10-ஆம் பதிப்பில் புதிய கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. சாதனம் எழாவிட்டால் கூட்டிய எண்ணை இது தானே கழித்துவிடும். சுழற்சியின் நடுவே வெளியேறும் பிழைக்கும், 2023-ல் புகுத்தப்பட்ட தானியங்கி விடுவிப்பு முறையைக் கொண்டு, எவ்வழியில் வெளியேறினாலும் கையிலுள்ளதைத் தானே திரும்ப வைக்கும் சுழற்சிக் கட்டளைகள் 2024-ல் சேர்க்கப்பட்டன. 2022 இறுதியில் உட்கருவில் இடம்பெற்ற ரஸ்ட் என்னும் மொழியில், பற்றை வைத்திருக்கும் மாறி மறையும்போதே எண்ணும் கழிக்கப்படுகிறது. எனினும் பழைய டிரைவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து மாற்ற வேண்டியிருப்பதால், பட்டியலின் தேவை இன்னும் தீரவில்லை.

வகுப்பறைக்கும் களத்திற்கும் ஏற்றது

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் ஆசிரியர் இதனைச் செய்து காட்டலாம். கரும்பலகையில் பூச்சியம் எழுதி, பத்து மாணவர்களிடம் ஆளுக்கோர் அட்டை தர வேண்டும். ‘நுழைக, ஒன்று கூட்டுக, குடுவையை எடுக்க, திரும்ப வைக்க, ஒன்று கழித்து வெளியேறுக’ என்பது பொதுவான அட்டை. இரண்டு அட்டைகளில் மட்டும், ‘குடுவை இல்லையெனில் உடனே வெளியேறுக’ என்னும் வரியைச் சேர்த்து, ஒரு குடுவையை ஆசிரியர் முன்னதாக ஒளித்து வைக்க வேண்டும். இறுதியில் அறை காலியாக இருக்கும். பலகையில் எண் நிற்கும். பிழை மாணவரிடமா, அட்டையிலா என்னும் விவாதம் தானே எழும். பின்னர் அட்டையைத் திருத்தி மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

களப்பணியாளர்கள் தம் கிடங்குக் கணக்கில் இருப்பு வேறுபடும்போது, ஐந்து கட்டங்கள் கொண்ட தனி ஏடு ஒன்று வைப்பது நலம். வேறுபாடு எங்கே கண்டது, எந்த வழியில் நேர்ந்தது, கணக்கு கூடியதா குறைந்ததா, விளைவு யாது, பதிவு முறையில் செய்த மாற்றம் யாது என்பனவே அக்கட்டங்கள். தவறியவரின் பெயருக்கு அதில் தனிக் கட்டம் வேண்டியதில்லை. சில மாதங்கள் தொடர்ந்து எழுதினால், வேறுபாடுகள் நான்கைந்து வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். ரத்தான இண்டென்ட்டும், பாதியில் திரும்பிய வண்டியும் அவற்றுள் இருக்கக்கூடும்.

தஞ்சையிலிருந்து மைசூருக்குச் சென்ற அவ்வோலைச்சுவடி, கணக்கு தவறும் நாற்பது வழிகளை எண்ணி எழுதி வைத்தது. எழுதியவரும் படியெடுத்தவரும் மறைந்த பின்னரும் அப்பட்டியல் பயன்படுகிறது. இன்று ஒரு டிரைவரில் விடுபட்ட ஒரே ஒரு கழித்தலைக் கண்டு, அது நுழைந்த வழியோடு எழுதி வைப்பவரும் அதே பணியையே செய்கிறார். அந்தக் குறிப்பு, அவர் காணாத ஒருவர் எழுதும் வேறொரு டிரைவரிலுள்ள பிழையைக் காட்டிக் கொடுக்கும் என்பதில் ஐயமில்லை.